நீரில் விழும் ஒளி: மனப்பதிவு ஓவியமும் பெர்த்தாம் ஆற்றின் நிறமும்

"ஓர் ஆற்றை வரைக" என்று தொடக்கப்பள்ளி மாணவரிடம் கூறினால், அவர் கை தானாகவே நீல வண்ணக்கோலை நாடுகிறது. லெம்பா பெர்த்தாமில் வளரும் மாணவரும் நீலத்தையே எடுக்கிறார். ஆனால், அவர் அன்றாடம் கடந்து செல்லும் பெர்த்தாம் ஆறு பெரும்பாலான நாள்களில் நீலமாக இருப்பதில்லை. மழை பெய்து ஓய்ந்த மாலைகளில் அது பாலூற்றிய தேநீரின் நிறத்தில் ஓடுகிறது. கண் கண்டது ஒன்று. கை தீட்டியது வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது, "நீர் நீல நிறமுடையது" என்று நாம் முன்பே மனத்தில் பதித்துவைத்த பாடம்.

ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர்ப் பிரான்சு நாட்டு ஓவியர் சிலர் இத்தகைய பாடங்களை ஒதுக்கிவைத்துவிட்டு ஆற்றங்கரைக்குச் சென்றனர். நீர்ப்பரப்பில் அந்த நொடியில் என்ன தெரிகிறதோ அதையே தீட்ட முயன்றனர். அவர்கள் கண்டறிந்தவை யாவை, அவை நம் மலைப்பள்ளத்தாக்கின் நீரைப் பார்க்க எவ்வாறு துணைசெய்யும் என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

பெயர் வந்த வகை

1874ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், பாரிசு நகரில் நிழற்படக் கலைஞர் நாடார் என்பார் பயன்படுத்தி வந்த கூடத்தில் ஓர் ஓவியக் கண்காட்சி தொடங்கியது. அரசு சார்ந்த கண்காட்சியின் தேர்வுக்குழுவை நம்பியிராமல், ஓவியர்கள் தாமே கூடி நடத்திய கண்காட்சி அது. குளோது மொனே, ரெனுவார், பிசாரோ, சிஸ்லி, தெகா, பெர்த் மொரிசோ ஆகியோர் அதில் பங்கேற்றனர். லெ ஆவ்ர் துறைமுகத்தின் விடியற்காலையை மொனே 1872ஆம் ஆண்டில் தீட்டிய ஓவியமும் அங்கே தொங்கியது. அதன் பெயர் 'மனப்பதிவு, கதிரெழுச்சி' என்று பொருள்படும். லூயி லெருவா என்னும் இதழாளர் அப்பெயரில் உள்ள 'மனப்பதிவு' என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு அனைவரையும் எள்ளி எழுதினார். எள்ளலாக இட்ட பெயரே அவ்வியக்கத்திற்கு நிலைத்துவிட்டது. இம்பிரெஷனிசம் எனப்படும் அதனைத் தமிழில் மனப்பதிவியம் என்றும் உணர்வுப்பதிவுவாதம் என்றும் வழங்குகிறோம்.

அந்த விடியற்காலை ஓவியத்தில் நீலமும் சாம்பலும் கலந்த பனிமூட்டத்தின் நடுவே செம்மஞ்சள் நிறக் கதிரவன் நிற்கிறான். அவனுக்குக் கீழே, நீரின் மேல், அதே நிறத்தில் சில குறுந்தீற்றுகள் மட்டுமே உள்ளன. அக்கதிரவனின் நிறம் நம் கண்ணைப் பறித்தாலும், அதன் ஒளிர்மை சூழ்ந்துள்ள முகிலின் ஒளிர்மையோடு ஏறத்தாழ ஒத்திருக்கிறது என்று ஆர்வர்டு பல்கலைக்கழக நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் எடுத்துக்காட்டியுள்ளார். அவ்வோவியத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றினால் கதிரவன் மறைந்தேபோகிறான். ஒளிர்மையால் வேறுபடாமல் நிறத்தால் மட்டும் வேறுபடுவதால்தான் அது நம் கண்ணுக்குத் துடிப்பதுபோல் தோன்றுகிறது.

நிழல் என்னும் ஒரு சொல்

நீரோவியத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது தமிழாசிரியர் முதலில் எதிர்கொள்வது ஒரு சொற்சிக்கல். தமிழில் 'நிழல்' என்னும் சொல், ஒளி மறைக்கப்பட்ட இடத்தையும் குறிக்கும். கண்ணாடியிலும் நீரிலும் தோன்றும் உருவத்தையும் குறிக்கும். ஒளி என்னும் பொருளும் அதற்கு உண்டு. நிழற்படம் என்னும் சொல்லில் இருப்பது உருவம் என்னும் பொருளே. சங்க இலக்கியத்தில், கண்ணாடியில் தோன்றும் உருவத்திற்கு 'ஆடிப்பாவை' என்னும் அழகிய தொடரும் உண்டு. குறுந்தொகையில் அதனைக் காணலாம். இக்காலத்தில் நாம் 'எதிரொளிப்பு', 'பிரதிபலிப்பு' என்னும் சொற்களை வழங்குகிறோம்.

ஒரே சொல் இரண்டையும் குறிப்பது மொழியின் குறையன்று. ஆயினும் ஓவியம் வரைவோர் இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். ஆற்றங்கரையில் நிற்கும் மரத்தின் நிழல் எங்கே விழும் என்பதைக் கதிரவன் முடிவுசெய்கிறது. நாம் நடந்து சென்றாலும் அது நகர்வதில்லை. மரத்தின் நீருருவம் எங்கே தெரியும் என்பதையோ, பார்ப்பவரின் கண் முடிவுசெய்கிறது; நாம் நடந்தால் அதுவும் நம்மோடு நகர்கிறது. இருவர் இரண்டு இடங்களில் நின்று பார்த்தால், நீரில் இரண்டு வேறு உருவங்கள் தோன்றும். ஆதலால் நீருருவத்தை வரைபவர், தாம் எங்கே நின்றார் என்பதையும் சேர்த்தே வரைகிறார்.

நீர் ஒளியைத் திருப்பித்தரும் முறை

நீரின் மேற்பரப்பு, தன்மீது விழும் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பியனுப்புகிறது. மற்றொரு பகுதியை உள்ளே விடுகிறது. எவ்வளவு திரும்பும் என்பது நாம் பார்க்கும் கோணத்தைப் பொறுத்தது. பாலத்தின்மீது நின்று நேர்கீழே பார்க்கும்போது, நூறு பங்கு ஒளியில் ஏறத்தாழ 2 பங்கே மேற்பரப்பிலிருந்து திரும்பிக் கண்ணை அடைகிறது. ஆகவே நாம் காண்பது நீரின் உட்பகுதியை: தெளிந்த நீராயின் அடியிலுள்ள கற்களை, கலங்கிய நீராயின் மண்ணின் பழுப்பை. பார்வை தாழ்ந்து, நீர்ப்பரப்பிற்கு 10 பாகை சாய்வில் அமையும்போது ஏறத்தாழ 35 பங்கு திரும்புகிறது. பார்வை மேலும் தாழ்ந்து பரப்பை ஒட்டிச் செல்லும்போது ஏறக்குறைய முழு ஒளியுமே திரும்புகிறது. அப்பொழுது நாம் காண்பது வானத்தை.

எனவே, ஒரே ஆறு ஒரே வேளையில் காலடியில் பழுப்பாகவும் தொலைவில் வெள்ளியாகவும் இருக்கிறது. நீலத்தை எடுத்த மாணவரிடம் "பழுப்பைத் தீட்டு" என்று திருத்துவது, ஒரு மனப்பாடத்தை நீக்கி இன்னொரு மனப்பாடத்தை வைப்பதாகவே முடியும். "நீ எங்கே நின்று பார்த்தாய்?" என்று கேட்பதே சரியான வினா.

இரண்டாவது விதி, நீருருவம் கரையில் உள்ள காட்சியின் தலைகீழ்ப் படி அன்று என்பதாகும். நம் கண் நீர்மட்டத்திற்கு மேல் எவ்வளவு உயரத்தில் உள்ளதோ, அதே அளவு நீர்மட்டத்திற்குக் கீழே ஒரு கண் இருந்து மேல்நோக்கிப் பார்த்தால் எது தெரியுமோ, அதுவே நீரில் தெரிகிறது. கரையில் ஒரு காய்கறிக் கொட்டகை, அதன் பின்னே ஒரு தேயிலைக் குன்று என்று வைத்துக்கொள்வோம். நேராகப் பார்க்கையில் குன்று கொட்டகைக்கு மேலே நன்கு தெரியும். நீரிலோ கொட்டகை உயர்ந்து, குன்றின் பெரும்பகுதியை மறைத்துவிடக்கூடும். பாலத்தின் மேற்புறத்தை நாம் நேரில் காண்கிறோம். அதன் அடிப்புறத்தை நீர் காட்டுகிறது. தாளை மடித்து ஒற்றியெடுத்ததுபோல் வரையப்படும் நீருருவம் உயிரற்றுத் தோன்றுவதன் காரணம் இதுவே.

மூன்றாவது விதி நிறத்தைப் பற்றியது. நீருருவத்தோடு நீரின் சொந்த நிறமும் கலக்கிறது. ஆதலால் இருண்ட பொருளின் உரு நீரில் சற்று வெளிறியும், வெளிறிய பொருளின் உரு நீரில் சற்று இருண்டும் தோன்றும். கரையிலுள்ள காடு கருமையாயினும் கலங்கல் நீரில் அதன் உரு செம்பழுப்பு ஏறிக் காணப்படும்.

நான்காவது, அலை செய்யும் மாற்றம். அமைதியான நீர் ஒரே கண்ணாடி. அலையாடும் நீர், பல திசைகளில் சாய்ந்த ஆயிரம் சிறு கண்ணாடிகள். ஒவ்வொன்றும் வானத்தின் ஒவ்வொரு துண்டைக் காட்டுகிறது. அதனால் ஒரு விளக்கின் உரு நம்மை நோக்கி நீண்ட தூணாக இழுபடுகிறது. செங்குத்துக் கோடுகள் ஓரளவு தப்புகின்றன, கிடைக்கோடுகள் சிதைந்துபோகின்றன.

குறுந்தீற்று பிறந்த இடம்

இந்த ஆயிரம் கண்ணாடிகளை எவ்வாறு தீட்டுவது? 1869ஆம் ஆண்டுக் கோடையில் மொனேயும் ரெனுவாரும் சேன் ஆற்றங்கரையில் 'லா கிரெனுயேர்' என்னும் நீராடுதுறையில் அருகருகே அமர்ந்து ஒரே காட்சியைத் தீட்டினர். மொனேயின் ஓவியம் ஒன்று இன்று நியூயார்க்கிலும் ரெனுவாரின் ஓவியம் ஒன்று சுடாக்கோமிலும் உள்ளன. மொனேயின் ஓவியத்தில் அலைகள் ஒவ்வொன்றும் ஒரு தனித் தீற்று. நீலம், பச்சை, பழுப்பு, வெண்மை ஆகியவை ஒன்றோடொன்று குழைக்கப்படாமல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டுள்ளன. அருகில் சென்று பார்த்தால் வண்ணப்பட்டைகள். நான்கடி பின்வாங்கினால் அசையும் நீர். அந்தக் குறுந்தீற்று ஓர் அலங்காரமாகப் பிறந்ததன்று. நீர் நிற்காமல் அசைந்ததால், கையும் அவ்வளவு விரைவாக அசைய வேண்டியிருந்தது.

இதற்குத் துணைநின்றவை இரண்டு. 1841ஆம் ஆண்டில் அமெரிக்க ஓவியர் ஜான் காஃப் ரான்ட் மெல்லிய ஈயக்குழாயில் எண்ணெய் வண்ணத்தை அடைத்துவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். வண்ணம் உலராமல் பைக்குள் அடங்கியதும், ஓவியர் அறையை விட்டு வெளியேறி ஆற்றங்கரையில் நாள்முழுதும் அமர முடிந்தது. மற்றொன்று, சாயத் தொழிலில் ஈடுபட்டிருந்த வேதியியலறிஞர் செவ்ரல் 1839ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல். இரண்டு நிறங்கள் அருகருகே இருக்கும்போது ஒன்று மற்றொன்றின் தோற்றத்தை மாற்றுகிறது என்று அவர் விளக்கினார். நீலத்தின் அருகே செம்மஞ்சள் கூடுதலாக ஒளிர்வதை அந்தத் துறைமுக ஓவியத்திலேயே காணலாம்.

கலங்கிய நீரும் கல்வியே

பெர்த்தாம் ஆறு தானா ராத்தாவைக் கடந்து, ஆபூவின் அருகே ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. மின்னாக்கத்திற்காக 1963ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணை அந்நீரைத் தேக்கிவைக்கிறது. அணைக்குக் கீழே அமைந்திருப்பது லெம்பா பெர்த்தாம். மேல்நிலத்துச் சரிவுகளில் காடு திருத்தப்பட்ட இடங்களிலிருந்து மழை மண்ணை அரித்துக் கொணர்கிறது. தேயிலை அடர்ந்து மூடியிருக்கும் சரிவைவிடத் திறந்து கிடக்கும் சரிவில் மண் எளிதாகக் கரைகிறது. ஆற்றின் பழுப்பு நிறம் அந்த வரலாற்றின் நிறம்.

கலங்கிய நீரை ஓவியத்திற்கு ஆகாதது என்று ஒதுக்குதல் தவறு. தெளிந்த ஆழமான நீரின் மேற்பரப்பில் மரத்தின் நிழல் ஏறக்குறையத் தெரிவதே இல்லை. ஒளியைச் சிதறடிக்க அங்கே ஒன்றும் இல்லாமையால், ஒளி மறைக்கப்பட்டதும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கலங்கிய நீரிலோ மிதக்கும் மண்துகள்கள் வெயிலைச் சிதறடிக்கின்றன. மரம் வெயிலை மறைத்த இடத்தில் அச்சிதறல் குறைந்து, நிழல் தெளிவாக விழுகிறது. ஆகவே பெர்த்தாம் ஆற்றில் ஒரே மரத்தின் நிழலையும் நீருருவத்தையும் வெவ்வேறு திசைகளில் ஒருங்கே காணலாம். 'நிழல்' என்னும் சொல்லின் இரு பொருள்களையும் ஒரே பார்வையில் கற்பிக்க இதைவிடச் சிறந்த பாடநூல் கிடைத்தல் அரிது.

இப்பள்ளத்தாக்கிற்கே உரிய மற்றொரு காட்சியும் உண்டு. மேலே தேயிலைத் தோட்டச் சாலையில் நின்று கீழே நோக்கினால், காய்கறித் தோட்டங்களையும் பூந்தோட்டங்களையும் மூடியிருக்கும் நெகிழிக் கூரைகள் ஏரிகளைப்போல் வெண்மையாக மின்னும். அவை நீர் அல்ல. எனினும் தாழ்ந்த கோணத்தில் வானத்தைத் திருப்பித்தரும் விதி அவற்றிற்கும் ஒன்றே. பனிமூட்டம் இறங்கியதும் கூரையும் ஆறும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கரைகின்றன. இலண்டனின் தேம்சு ஆற்றை மொனே மீண்டும் மீண்டும் தீட்டியது அத்தகைய மூட்டத்திற்காகவே.

நம் பக்கத்து ஓவியர்

இம்முறை ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. 1920களில் பினாங்கில் 'பினாங்கு இம்பிரெஷனிஸ்ட்டுகள்' என்ற பெயரில், பெரும்பாலும் ஐரோப்பியரைக் கொண்ட ஓவியக் குழு ஒன்று இயங்கியது. மலாயாவின் நீர்வண்ண ஓவியத்திற்கு வழிவகுத்த அப்துல்லா அரிப், அக்குழுவினரோடு தொடர்புடையவர். அவர் காலத்தவரான யோங் முன் சென், கடற்கரையையும் மீனவரையும் நீர்வண்ணத்தில் தீட்டிப் புகழ்பெற்றார்.

நீர்வண்ணத்தில் ஒளி வேறு வழியில் பிறக்கிறது. எண்ணெய் வண்ணத்தில் மின்னும் அலையை இறுதியில் வெள்ளை வண்ணம் கொண்டு வைக்கலாம். நீர்வண்ணத்தில், ஒளி இருக்க வேண்டிய இடத்தைத் தாளின் வெண்மையாக முதலிலேயே விட்டுவைக்க வேண்டும். எதைத் தீட்டாமல் விடுவது என்று அறிதலே அங்கே திறமை. பள்ளிகளில் நாம் பயன்படுத்துவதும் நீர்வண்ணமே ஆதலால், இது மாணவர் அறிய வேண்டிய செய்தி.

தமிழ்நாட்டில், கோயம்புத்தூரில் 1911ஆம் ஆண்டு பிறந்த கே. சி. எஸ். பணிக்கர், சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று பின்னர் அதன் முதல்வராக விளங்கினார். 1966ஆம் ஆண்டில் சோழமண்டல ஓவியர் சிற்றூரை உருவாக்கியவரும் அவரே. சொற்களையும் குறியீடுகளையும் கொண்ட பிற்கால ஓவியங்களால் அவர் இன்று அறியப்படுகிறார். ஆயினும் அவர் தொடக்கக்காலத்தில் தீட்டியவை தென்னையும் நீர்நிலையும் நிறைந்த கேரள நிலக்காட்சிகளே.

வெள்ளமும் அழகும்

1876ஆம் ஆண்டில் சேன் ஆறு கரைபுரண்டு போர்ட்-மார்லி என்னும் ஊருக்குள் புகுந்தது. ஆல்பிரடு சிஸ்லி அவ்வெள்ளத்தைப் பல ஓவியங்களாகத் தீட்டினார். அவற்றில் புகழ்பெற்ற ஒன்றில், மதுவணிகர் ஒருவரின் வீடு நீர் நடுவே நிற்கிறது. அவலக் குரலோ அலறலோ இல்லை. வானம் அமைதியாக இருக்கிறது. தெருவாக இருந்த இடம் வானத்தின் ஒளியை ஏந்திக் கிடக்கிறது. படகில் சிலர் செல்கின்றனர்.

லெம்பா பெர்த்தாமில் வாழும் ஒருவர் இவ்வோவியத்தை எளிதாகக் கடந்துவிட இயலாது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், கனமழைக்குப் பின் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்ட நள்ளிரவில், இப்பள்ளத்தாக்கில் வெள்ளமும் சேறும் புகுந்தன. உயிர்கள் பறிபோயின, வீடுகளும் ஊர்திகளும் அழிந்தன. அந்த இரவை நினைவில் கொண்டவர், "துன்பத்தை இவ்வளவு அழகாக வரையலாமா?" என்று கேட்டால், அவ்வினா முறையானதே.

அதற்கு இருவகையாக விடை கூறலாம். சிஸ்லி நீரின் ஒளியை மட்டும் கண்டு, வீட்டை இழந்தவரைக் காணவில்லை என்பது ஒரு கருத்து. பிரான்சு ஓவிய மரபில் வெள்ளம் என்றாலே புராணப் பெருவெள்ளமாகவும் கதறும் மாந்தராகவும் மிகைப்படுத்தி வரைந்த காலத்தில், ஒரு சிற்றூரின் தெருவில் நீர் எந்த அளவுக்கு, எந்தச் சுவர் வரைக்கும், எந்த நிறத்தில் நின்றது என்று மிகையின்றிப் பதிந்தார் என்பது மற்றொரு கருத்து. இவ்விரண்டில் இரண்டாவதே எனக்கு வலுவுடையதாகத் தோன்றுகிறது. மிகைப்படுத்திய படம் எந்த ஊருக்கும் பொருந்தும். சிஸ்லியின் படமோ போர்ட்-மார்லிக்கு மட்டுமே பொருந்தும். ஆயினும் அவ்வோவியம் சொல்லாமல் விட்டதை நாம் சொல்லிக்கொடுக்கும் கடமை நீங்கிவிடவில்லை. வெள்ளத்தின் ஒளியை வரையக் கற்பிக்கும் ஆசிரியர், அவ்வொளியின் கீழே யாருடைய வாசற்படி இருந்தது என்றும் கேட்கச் செய்யலாம்.

ஓவியர் தாம் பார்த்த நிலத்திற்குக் கடமைப்பட்டவர் என்பதற்கு மொனேயின் வாழ்விலும் ஒரு சான்று உண்டு. 1891ஆம் ஆண்டில் அவர் ஓர் ஆற்றங்கரையில் வரிசையாக நின்ற பாப்லார் மரங்களைத் தீட்டிக்கொண்டிருந்தபோது, அம்மரங்கள் ஏலத்திற்கு வந்தன. மரவணிகர் ஒருவருக்குப் பணம் கொடுத்து, தாம் தீட்டிமுடிக்கும் வரையில் மரங்களை வெட்டாமலிருக்கும்படி அவர் ஏற்பாடு செய்தார். பின்னர் அம்மரங்கள் வெட்டப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை அவற்றின் ஓவியங்களே.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

அணைக்குக் கீழுள்ள ஆற்றில் மாணவரை இறக்குதல் ஆகாது. இப்பாடத்தைப் பள்ளி வளாகத்திலேயே நடத்தலாம். இரண்டு அகன்ற தட்டுகளில் நீர் நிரப்பி, ஒன்றில் ஒரு பிடி மண்ணைக் கலக்குக. இரண்டையும் வெயிலில் வைத்து, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு குச்சியை நடுக. எந்த நீரில் நிழல் தெளிவாக விழுகிறது என்று மாணவர் காணட்டும். பின்னர் அவர்கள் தட்டைச் சுற்றி நடந்து, குச்சியின் நிழல் நகராமல் இருக்க, நீருருவம் மட்டும் தங்களோடு நகர்வதை உணரட்டும். மூன்றாவதாக, நின்றபடி ஒரு முறையும் தட்டின் விளிம்போடு கண்ணை வைத்து ஒரு முறையும் பார்த்து, நீரின் நிறம் பழுப்பிலிருந்து வானத்தின் நிறத்திற்கு மாறுவதைக் குறித்துக்கொள்ளட்டும். அதன்பின் வண்ணம் கையில் கொடுக்கப்படலாம். ஓவியத்தின் கீழே "எங்கே நின்றேன், எப்பொழுது பார்த்தேன்" என்று ஒரு வரி எழுதச் சொல்வது, ஓவியப் பாடத்தை மொழிப் பாடமாகவும் ஆக்கும்.

மொனே தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளைச் சிவெர்னியில் உள்ள தம் தோட்டத்துக் குளத்தைத் தீட்டுவதிலேயே கழித்தார். கண்புரையால் பார்வை மங்கி, 1923ஆம் ஆண்டில் அறுவை மருத்துவம் செய்துகொண்ட பின்னும் அவர் தீட்டுவதை நிறுத்தவில்லை. அவர் இறந்த மறு ஆண்டு, 1927இல், அந்த அல்லிக்குள ஓவியங்கள் பாரிசின் ஒராஞ்சரி கூடத்தில் இரண்டு நீள்வட்ட அறைகளில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அவற்றில் கரை இல்லை, அடிவானமும் இல்லை. வானம் முழுவதும் நீருக்குள் இருக்கிறது. ஒரே குளத்தை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பார்த்தவருக்கும் அது முடிந்துபோகவில்லை.

நாம் நாள்தோறும் கடக்கும் ஆறும் அத்தகையதே. அடுத்த முறை பாலத்தைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நின்று, காலடியில் உள்ள நிறம் எது, தொலைவில் உள்ள நிறம் எது என்று மாணவரோடு சேர்ந்து பாருங்கள். நீல வண்ணக்கோலை எடுப்பதா வேண்டாவா என்பதை அதன்பின் அவர்களே முடிவுசெய்வார்கள்.